ஒண்டரை வீதம் என்றால் மாதம் எத்தனை ரூபா?

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற என் மாமா போன வருடம் ஓய்வு பெற்றார். தனியார் கம்பனி ஒன்றில் 31 வருடம் கணக்குப் பார்த்தவர். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதியம்), ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்), கிராட்டியூட்டி (பணிக்கொடை) எல்லாம் சேர்ந்து வந்த காசில் வீட்டுக் கூரையை மாற்றி, சின்ன மகளின் கடனையும் அடைத்த பிறகு கையில் மிஞ்சியது ஏறக்குறைய 60 இலட்சம். காசு வந்த செய்தி எப்படித்தான் ஊருக்குத் தெரியவருமோ, இரண்டு கிழமைக்குள் ஒரு தம்பி டை கட்டிக்கொண்டு பளபளவென்று ஒரு புத்தகத்தோடு வந்துவிட்டார். உங்கட காசை நாங்க பார்த்துக்கொள்ளுறம் ஐயா, வருசத்துக்கு ஒண்டரை வீதம் மட்டும்தான் எங்கட சார்ஜ் என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாமா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஒண்டரை வீதம்தானே மருமகன். நூறு ரூபாயில ஒண்டரை ரூபா. அது என்ன பெரிய காசா?"

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான், வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு எடுக்கப்போறீங்க மாமா என்று. 35,000 என்றார். 60 இலட்சத்துக்கு ஒண்டரை வீதம் 90,000 ரூபா, பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 7,500. அப்போ நீங்கள் மாதம் 35,000 எடுக்கிறபோது அந்தத் தம்பியின் கம்பனி 7,500 எடுக்கும், உங்கள் வீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாப்பிடுகிற ஆள் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்த மாதிரி என்று சொன்னபோது மாமா பேசவில்லை, குசினியில் இருந்து மாமிதான் சொன்னார்: "அது எங்கட ஒரு மாதத்து மீன் காசு மனே."

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது அந்த மீன் காசைப் பற்றித்தான். முதலீட்டுக் கட்டணத்தை எல்லோரும் முதலோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள், அப்படிச் சொன்னால்தான் அது சின்னதாகத் தெரியும். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற 35 வயதுக்காரருக்கு அப்படிப் பார்ப்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அவர் அந்தக் காசில் இருந்து சாப்பிடவில்லை, மாதாமாதம் போட்டுக்கொண்டிருக்கிறார். அதே காசில் இருந்து அரிசியும் மருந்தும் கரண்ட் பில்லும் போகத் தொடங்கிய பிறகு ஒப்பிட வேண்டிய தொகை மாறிவிடுகிறது. அப்போது கட்டணத்தை மாதம் எடுக்கிற தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை வயலை வைத்துச் சொன்னால் லேசாக விளங்கும். காணியை இரண்டு மாதிரிச் செய்யக் கொடுப்போம். வாரத்துக்குக் கொடுத்தால் விளைந்ததில் பங்கு, விளையாவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. குத்தகை என்றால் ஏக்கருக்கு இத்தனை மூடை என்று முதலே பேசிவிடுவது. மார்கழி வெள்ளம் அள்ளிக்கொண்டு போனாலும், அறக்கொட்டி அடித்தாலும், யானை இறங்கி மிதித்தாலும் பேசின மூடையை அளந்தே ஆக வேண்டும். நிதிக் கம்பனிகள் எடுக்கிற வருடாந்தக் கட்டணம் குத்தகை மாதிரி. உங்கள் காசு அந்த வருடம் 12 வீதம் வளர்ந்ததா, ஒன்றும் வளரவில்லையா, குறைந்துபோனதா என்ற கதையே அதில் இல்லை. ஆனால் பேச்சில் அதை வாரம் மாதிரிச் சொல்லிவிடுவார்கள், நீங்கள் உழைத்தால் நாங்களும் உழைப்போம் என்று.

காத்தான்குடியில் ஒரு நண்பரிடம் இந்த ஒப்பீட்டைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, இதை எங்கட ஆட்களுக்கு நீங்க சொல்லித்தரத் தேவையில்லை என்றார். இஸ்லாமிய வங்கிமுறையின் முதாரபா வைப்பில் இலாபத்தை இன்ன விகிதத்தில் பிரிப்பது என்று முதலே எழுதிவிடுவார்கள், இலாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தால் முதல் போட்டவரின் காசு போகும், நடத்தினவருக்கு அவர் பாடுபட்டது வீண்போகும். வக்காலா என்றால் கட்டணம் பேசி வேலையை ஒப்படைப்பது, குத்தகைக்குக் கிட்ட வருவது அது. ஆனால் வாரம் என்பதற்காக அது மலிவு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் அந்த நண்பரே சொன்னார், விகிதம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் அவருடைய தெருவிலேயே இருக்கிறார்களாம்.

சரி, மாமாவின் 60 இலட்சத்துக்கு வருவோம். ஒரு கணக்குக்காக முதலீடு வருடம் 9 வீதம் தருகிறது, விலைவாசி வருடம் 5 வீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா முதல் வருடம் 4,20,000 எடுக்கிறார், அதாவது மாதம் 35,000; அடுத்த வருடம் விலைவாசிக்கு ஏற்றபடி 5 வீதம் கூட்டி எடுக்கிறார், அப்படியே போகிறார். கட்டணம் ஒன்றும் இல்லாவிட்டால் காசு ஏறக்குறைய 20 வருடம் வரும். அரை வீதம் கட்டணம் என்றால் 19 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒண்டரை வீதம் என்றால் 17 வருடமும் இரண்டு மாதமும் அளவில் முடிந்துவிடும். அறுபதில் தொடங்குகிறவருக்கு இது 80 வயதில் காசு முடிவதற்கும் 77 வயதில் முடிவதற்கும் உள்ள வித்தியாசம், அந்தக் கடைசி மூன்று வருடத்தில் வேலைக்குப் போய் விட்டதைப் பிடிக்கவும் முடியாது.

ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால், 9 வீதம் வருகிறது என்று நாம் சொல்வதில் 5 வீதம் விலைவாசிக்குப் போய்விடுகிறது. உண்மையில் மிஞ்சுகிற வளர்ச்சி 4 வீதம் அளவுதான், அந்த நாலில் ஒண்டரையைக் கட்டணமாகக் கொடுப்பவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கிறார். புத்தகத்தில் இருக்கிற வண்ணப்படங்களில் இந்தக் கழித்தலை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

இதிலே ஒரு நுணுக்கம் இருக்கிறது, நான் கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை எனக்கும் அது பிடிபடவில்லை. மாதம் 7,500 கட்டணம் போகிறது என்றால், பழையபடி 20 வருடம் வர வேண்டுமானால் செலவையும் 7,500 குறைக்க வேண்டும், 35,000 எடுக்கிற இடத்தில் 27,500 எடுக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. 31,100 அளவில் எடுத்தால் போதும். காரணம், முதல் கரையக் கரைய அதன்மேல் எடுக்கிற கட்டணமும் கரைந்துகொண்டு போகிறது; முதல் வருடம்தான் 90,000, பத்தாம் வருடத்துக்குப் பிறகு அந்தத் தொகை வேகமாகச் சுருங்கிவிடும். அதனால் கட்டணத்தில் ஏறக்குறைய பாதியளவுக்குத்தான் உங்கள் செலவு குறைய வேண்டிவரும். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தத் தம்பி மாதிரி மறுபக்கத்துக்குப் பயம் காட்டினவன் ஆகிவிடுவேன். ஆனால் அந்தப் பாதியே மாதம் 3,900 ரூபா, இருவது வருடத்துக்கு, அதுவும் இன்றைய விலையில்.

அந்தக் காசு வருகிற வழியையும் கொஞ்சம் பார்ப்போம். ஈ.பி.எப். சட்டம் 1958ல் வந்தது, ஊழியர் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஈ.ரி.எப். 1980ல், அதில் முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுகிறார். கிராட்டியூட்டி 1983ம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அரசாங்க உத்தியோகத்தருக்கு இருக்கிற மாதாந்தப் பென்சன் மாதிரி இதில் ஒன்றும் இல்லை, மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு அதை மாதச் சம்பளமாக மாற்றுவது உங்கள் பாடு. எங்கள் ஊரில் பொம்பிளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் கவர்மெண்ட் வேலை என்று ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பலர் கவனிக்காத விசயம் ஒன்று. ஈ.பி.எப். காசை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். ஆனால் 2021ல் வந்த சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அப்போ இடையில் ஐந்து அல்லது பத்து வருடம், சம்பளமும் வந்துகொண்டிருக்கும், காசை எடுக்கவும் முடியும். அந்த வயதில்தான் ஏஜென்ட்மார் தேடி வருவார்கள், எடுத்து எங்களிடம் போடுங்கள் என்று. எடுக்கலாம் என்றால் எடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஈ.பி.எப். 3 டிரில்லியன் ரூபாவைத் தாண்டிய நிதியம், அதை நடத்துகிற செலவு அவ்வளவு பெரிய தொகையில் பிரிந்துபோவதால் ஒரு அங்கத்தவர் தலையில் விழுவது மிகச் சின்னது, தரகுப் பணமும் இல்லை. அதன் காசு பெரும்பாலும் அரசாங்கப் பிணையங்களில்தான் கிடக்கிறது என்பதும், 2022ம் ஆண்டுக்கு 9 வீதமும் 2023க்கு 13 வீதமும் வட்டி கொடுத்தார்கள் என்பதும், 2023ல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது அதுவும் அகப்பட்டது என்பதும் தெரிந்ததுதான், அதைப் பாதுகாப்பின் சிகரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மலிவானது. மலிவான இடத்தில் இருந்து விலைகூடிய இடத்துக்குக் காசை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும், ஒரு கோப்பை தேத்தண்ணிக்குள் சொல்லி முடிக்கிற காரணம் போதாது.

இனி, நான் சார்ஜ் ஒன்றும் கட்டவில்லை, வங்கியில் நிலையான வைப்பில்தான் போட்டிருக்கிறேன் என்கிறவர்களுக்கு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான், நல்லதும்கூட. ஆனால் கட்டணம் என்ற பெயரில் வராத கட்டணங்கள் அங்கேயும் இருக்கின்றன.

முதலாவது வரி. வைப்பு வட்டியில் இருந்து வங்கி நிறுத்திவைக்கும் வரி 2023ல் 5 வீதமாக வந்தது, 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம். 60 இலட்சத்துக்கு 9 வீத வட்டி 5,40,000, அதில் பத்து வீதம் 54,000, மாதக் கணக்கில் 4,500 ரூபா. மாமாவுக்கு வேறு வருமானம் இல்லை. அதே 2025 ஏப்ரலில் இருந்து வருடம் 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை, ஆகவே அவர் இந்த 4,500ஐக் கட்ட வேண்டியதே இல்லை. ஆனால் தானாக விடமாட்டார்கள். என் வருமானம் வரி விலக்கு எல்லைக்குள்தான் இருக்கிறது என்று ஒரு பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுக்க வேண்டும், வைப்பு இருக்கிற ஒவ்வொரு வங்கியிலும், ஒவ்வொரு வரியாண்டுக்கும். வரியாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்குகிறது. இந்தப் படிவத்தைக் கொடுக்காமல் மாதாமாதம் காசு வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கிற ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன்! கழித்துவிட்டாலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம்தான், ஆனால் அறுபது தாண்டின ஆளுக்கு அந்த அலைச்சல் வேண்டாம், முதலே கொடுத்துவிடுவது சுகம்.

இரண்டாவது, மாத வட்டி. ஒரு வருட வைப்புக்கு முடிவில் எடுத்தால் 9 வீதம் என்று போர்டில் இருக்கும், மாதாமாதம் எடுத்தால் அதைவிடக் குறைவாக இருக்கும். குறைவது நியாயம்தான், முந்திக் கைக்கு வருகிறதே. ஆனால் எவ்வளவு குறையலாம்? 9 வீதத்துக்குச் சரிசமமான மாத வட்டி வருடத்துக்கு 8.65 அளவில் வரும். அந்த வங்கி 8.65 தந்தால் சரி, 8.40 தந்தால் கால் வீதம் உங்களிடம் இருந்து எடுக்கிறது என்று அர்த்தம், 60 இலட்சத்துக்கு வருடம் 15,000. அதற்கு பில்லும் இல்லை, பெயரும் இல்லை.

மூன்றாவதுதான் எங்கள் ஊரில் அதிகம் காசு தின்பது: வைப்பை இடையில் முறிப்பது. மகளின் கலியாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பேரனை வெளிநாட்டுக்கு அனுப்புகிற காசு என்று ஏதாவது வரும், 60 இலட்சமும் ஒரே வைப்பில் கிடக்கும், பத்து இலட்சம் தேவைக்காக முழுவதையும் முறிப்பார்கள். முறித்தால் வங்கி இருந்த காலத்துக்குக் குறைந்த வட்டியில் திருப்பிக் கணக்குப் பார்க்கும், ஏற்கனவே மாத வட்டியாகக் கொடுத்ததில் கூடிப்போனதை முதல் தொகையில் இருந்து கழிக்கும். ஒரே வைப்பாகப் போடாமல் பத்துப் பத்து இலட்சமாக ஆறு வைப்பு, இரண்டு மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி வைத்தால் இந்தச் செலவு பெரும்பாலும் வராது. அப்படியும் இடையில் வந்துவிட்டால் முறிப்பதற்கு முன்பு வைப்பின்மேல் கடன் எடுத்தால் என்ன வரும் என்று கேளுங்கள். முதிர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் கடன்தான் இலாபம், பத்து மாதம் இருக்கிறது என்றால் முறிப்பது இலாபமாக இருக்கக்கூடும். இரண்டையும் ரூபாவில் எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

பிரித்து வைப்பதில் இன்னொரு நன்மை. வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். அதிக வட்டி தருகிற நிதிக் கம்பனியில் போடுகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போட வேண்டும், 2020ல் ஒரு பெரிய நிதிக் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பலருடைய காசைச் சேர்த்து முதலீடு செய்கிற யூனிட் டிரஸ்ட் பற்றி இப்போது மட்டக்களப்பிலும் பேச்சு வந்திருக்கிறது. பிணையங்கள் ஆணைக்குழுவின் கண்காணிப்பில் இருக்கிற திட்டங்கள், மோசடி என்று ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் கட்டணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முகாமைக் கட்டணம், நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டணம், காப்பாளர் கட்டணம் என்று மூன்று தனித்தனியாக இருக்கும், அவற்றை ஒவ்வொரு நாளும் பெறுமதியில் கழித்துவிட்டுத்தான் ஒரு யூனிட்டின் விலையை அறிவிக்கிறார்கள். அதனால் உங்கள் கணக்குக் கூற்றில் கட்டணம் என்று ஒரு வரியைத் தேடினால் கிடைக்காது. அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விடுகிற திறைசேரி உண்டியலிலும் வங்கி வைப்பிலும் போடுகிற பணச்சந்தைத் திட்டங்களில் இந்த மூன்றும் சேர்ந்து ஒரு வீதத்துக்குள் அடங்குவது வழமை, பங்குகளில் போடுகிற திட்டங்களில் ஒண்டரை, இரண்டு என்று போகும். சிலவற்றில் போகும்போது ஒரு கட்டணம், வெளியேறும்போது ஒரு கட்டணமும் உண்டு. வெளியேறும் கட்டணத்தை இளம் ஆட்கள் பெரிதாகக் கவனிப்பதில்லை, அவர்கள் ஒரு தடவைதான் வெளியேறுவார்கள். மாதம் மாதம் கொஞ்சம் எடுத்துச் சாப்பிடப்போகிறவர் ஒவ்வொரு மாதமும் வெளியேறுகிறார் அல்லவா.

நான் பணச்சந்தைத் திட்டத்துக்கு எதிரான ஆள் இல்லை. ஒன்றிரண்டு நாளில் தண்டம் இல்லாமல் காசு கைக்கு வருகிறது என்பதற்கு ஒரு விலை உண்டு, ஆறு மாதச் செலவுக்கான காசை அங்கே வைத்து அந்த விலையைக் கொடுப்பதில் தப்பில்லை. மாமாவின் செலவுக்கு அது இரண்டு இலட்சம் சொச்சம். முக்கால் வீதக் கட்டணம் என்றாலும் அந்தத் தொகைக்கு வருடம் 1,575 ரூபாதான். தேவைப்படாத 58 இலட்சத்துக்கும் அதே சேவையை வாங்குவதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு, இது எனக்கே ஆச்சரியம் தந்தது. கொழும்புப் பங்குச் சந்தையில் விற்றாலும் வாங்கினாலும் தரகர், சந்தை, வரி எல்லாம் சேர்ந்து 1.12 வீதம் போகும். கேட்க ஒண்டரை வீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் இது விற்கிற தொகைக்கு மட்டும். 4,20,000 ரூபாவுக்குப் பங்கு விற்றுச் சாப்பிட்டால் 4,704 ரூபா. 60 இலட்சத்தின்மேல் ஒண்டரை வீதம் என்றால் 90,000. ஒரே மாதிரி எண், ஒன்று எடுக்கிற காசின்மேல், மற்றது இருக்கிற காசு முழுவதின்மேல். வீதத்தைச் சொல்கிறவரிடம் எதன்மேல் வீதம் என்று கேட்காமல் விடக்கூடாது. (ஓய்வுக் காசு முழுவதையும் பங்கில் போடச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுக்க வேண்டாம், மாமி என்னைச் சோறு போடாமல் விட்டுவிடுவார்.)

காப்புறுதியோடு கட்டின ஓய்வூதியத் திட்டங்களைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அம்மா ஓய்வு பெற்ற காலத்தில் ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்தார், சேர்த்தது நான்தான், எங்களுக்குத் தெரிந்த குடும்பத்து ஏஜென்ட் என்ற ஒரே காரணத்துக்காக. மூன்றாம் வருடம் கண் ஒப்பரேசனுக்குக் காசு தேவைப்பட்டபோது எடுக்கப் போனோம். கட்டினதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது, ஒரு சதம் வட்டியும் இல்லை. ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, சரணடையும் பெறுமதி, அதாவது இடையில் விட்டால் கிடைக்கிற தொகை, என்று ஒரு அட்டவணை பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. ஆரம்ப வருடங்களில் கட்டுகிற காசில் பெரும் பங்கு தரகுக்கும் நிர்வாகத்துக்கும் போய்விடுகிறது, அதைப் பிடித்தெடுக்க நீண்ட காலம் வேண்டும். ஓய்வு பெற்றவரிடம் இல்லாத சாமான் அந்த நீண்ட காலம்தான்.

கட்டணத்தோடு சேர்ந்து தாக்குகிற இன்னொன்று, காசு எந்த ஒழுங்கில் ஏறி இறங்குகிறது என்பது. 60 இலட்சம் ஒரு வருடம் 20 வீதம் விழுந்து அடுத்த வருடம் 25 வீதம் ஏறினால் பழையபடி 60 இலட்சம், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 5 இலட்சம் எடுக்கிறவருக்கு? 55 ஆகி 44க்கு விழும், இன்னொரு 5 எடுத்தால் 39, அது 25 வீதம் ஏறினால் 48.75. விழாமல் ஏறாமல் சும்மா கிடந்திருந்தால் 50 இருந்திருக்கும். சந்தை முழுதாக எழும்பியும் இவருக்கு ஒண்டேகால் இலட்சம் திரும்பி வரவில்லை, ஏனென்றால் விழுந்து கிடந்த நேரத்தில் விற்றுச் சாப்பிட்டார். இதில் வருடாந்தக் கட்டணமும் சேர்ந்தால் விழுந்த வருடத்திலும் அவர்கள் குத்தகை மூடையை அளந்து எடுத்திருப்பார்கள். 2022ஐ நினைத்துப் பாருங்கள், செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், அந்த நேரம் ஓய்வு பெற்று வந்தவர்கள் முதல் இரண்டு வருடத்தில் எடுத்த காசுதான் அவர்களுடைய மிச்ச வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கும்.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் இது பொருந்தும், அங்கே இந்தக் கணக்கு இன்னும் வெளிச்சமாகப் பேசப்படுகிறது. ஓய்வுக் காசில் வருடம் 4 வீதம் எடுத்தால் 30 வருடம் வரும் என்று அங்கே ஒரு பேச்சுண்டு, அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற ஆலோசகர் 1994ல் பழைய சந்தை விபரங்களை வைத்துப் போட்ட கணக்கில் இருந்து வந்தது. அந்தக் கணக்கில் கட்டணம் சேர்க்கப்படவில்லை, அமெரிக்கச் சந்தையும் அமெரிக்கப் பணவீக்கமும்தான் இருந்தன. லண்டனில் இருக்கிற என் சித்தப்பா 4 வீதம் எடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். ஆலோசகருக்கு முக்கால், கணக்கு வைத்திருக்கிற தளத்துக்கு ஒரு பங்கு, நிதியத்துக்கு ஒரு பங்கு என்று இன்னொரு ஒண்டரை வெளியே போய்க்கொண்டிருந்தது. அவருடைய பானையில் இருந்து வருடம் குறைந்தது ஐந்தரை. பிரித்தானியாவில் 2013ல் இருந்து ஆலோசகர்கள் முதலீட்டுக் கம்பனிகளிடம் தரகு வாங்க முடியாது, கட்டணத்தை வாடிக்கையாளரிடமே வெளிப்படையாகப் பேசி வாங்க வேண்டும், அதனால் சித்தப்பாவால் ஒரே ஒரு மின்னஞ்சலில் முழு விபரத்தையும் எடுக்க முடிந்தது. ஊருக்கு வந்து இருக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு பக்கத் தகவல்: இலங்கையில் வந்து குடியேறினால் பிரித்தானிய அரச ஓய்வூதியம் வருடாவருடம் கூடாது, வந்து சேர்ந்த தொகையிலேயே நின்றுவிடும்.

மாமா கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அந்தத் தம்பி இரண்டாம் முறை வந்தபோது மாமா ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் நீட்டி, நான் மாதம் 35,000 எடுக்கிறன், நீங்க எல்லாப் பெயரிலும் சேர்த்து மாதம் எத்தனை ரூபா எடுக்கிறீங்க, இதில எழுதித் தாங்க தம்பி என்று கேட்டிருக்கிறார். தம்பி கல்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, ஒபிசில் கேட்டுச் சொல்கிறேன் ஐயா என்று போனவர். 48 இலட்சம் இப்போது இரண்டு வங்கிகளில் துண்டு துண்டாக வைப்பில் இருக்கிறது, வைப்புக் காப்புறுதி எல்லை தாண்டினதுதான், ஆனால் இரண்டும் அரச வங்கி, அது மாமாவின் தீர்மானம். மூன்று இலட்சம் பணச்சந்தைத் திட்டத்தில். மிச்சத்தைத் திறைசேரி உண்டியலில் போட்டார். ஏலத்தில் வந்த வட்டிக்கும் வங்கி தருவதாகச் சொன்ன வட்டிக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைக் கேட்டு இரண்டு இடத்தில் விலை பேசினாராம், கணக்குப்பிள்ளையாக இருந்த ஆள் அல்லவா.

வரிப் பிரகடனப் படிவத்துக்கு ஏப்ரல் முதல் கிழமையில் கலண்டரில் நானே சிவப்பு வட்டம் போட்டு வைத்தேன். போன கிழமை போனபோது பார்த்தேன், அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் மாமி தன் கையெழுத்தில் 4,500 என்று எழுதியிருந்தார்.